மதுரைத் திட்டம்: ஏட்டுச்சுவடியிலிருந்து தேடுபெட்டி வரை – ஒரு மதிப்புரை

தமிழ் இலக்கியத்தின் மூலப் பாடத்தை இணையத்தில் தேடுகிறவர் எவரும் இன்றோ நாளையோ மதுரைத் திட்டத்தின் வாசலுக்கு வந்தே தீர்வார். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய இம்முயற்சியைச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று நடத்தினர். அரசின் ஆணையோ பெரிய நிறுவனத்தின் முதலீடோ இதற்குப் பின்னால் இல்லை. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். வேறு சிலர் அவற்றை மெய்ப்புப் பார்த்தார்கள். அதன்பின் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். சங்கப் பாடல்கள், காப்பியங்கள், திருமுறைகள், சிற்றிலக்கியங்கள், பாரதியும் கல்கியும் எழுதியவை என நூற்றுக்கணக்கான நூல்கள் இன்று அங்கே கிடைக்கின்றன. கட்டணமும் இல்லை, பதிவு செய்துகொள்ள வேண்டிய தொல்லையும் இல்லை.

இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எத்தனை நூல்கள் இருக்கின்றன, எவ்வளவு விரைவில் பக்கம் திறக்கிறது என்பதோடு இதன் மதிப்பீடு முடிந்துவிடுவதில்லை. ஒரு நூல் ஓலையிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து திரைக்கும் போகும்போது அதைப் படிக்கிற கண்ணும் மனமும் மாறிவிடுகின்றன. பழைய தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தைப் பெருமளவில் நடத்திக்காட்டிய முன்னோடி மதுரைத் திட்டம். ஆகவே அது நம் வாசிப்பை என்ன செய்திருக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சேவையின் அமைப்பு மிக எளிமையானது. நூல்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண். ஒருங்குறியில் (யூனிகோடில்) அமைந்த இணையப் பக்கமாகவும் பிடிஎஃப் கோப்பாகவும் நூல்களைப் பெறலாம். கண்ணைக் கவரும் அட்டைப்படமோ அசையும் பொத்தான்களோ இல்லை. கோப்பின் முகப்பில் அந்த நூலைத் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், இணையப் பக்கமாக்கியவர் ஆகியோருக்கான நன்றிக் குறிப்பு உள்ளது. இந்த முகப்பை நீக்காமல் கோப்பை எவருக்கும் தரலாம் என்ற அனுமதியும் அதை ஒட்டியே இருக்கிறது. பலர் இந்தப் பகுதியைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஏடெழுதியவர்கள் சுவடியின் கடைசியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. அச்சு வந்தபின் பதிப்பாசிரியரின் பெயர் முன்னுக்கு வந்தது. அச்சுக்கோத்தவரின் பெயர் எங்கும் இடம்பெறவில்லை. படியெடுத்தவரின் பெயர் மீண்டும் நூலோடு சேர்ந்து பயணம் செய்வது இங்கேதான்.

ஓலையில் எழுதப்பட்ட தமிழை இன்று நம்மில் பெரும்பாலோரால் படிக்க இயலாது. எழுத்து வடிவம் பழையது என்பது அதற்கு ஒரு சிறு காரணம் மட்டுமே. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகும் என்பதால் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பட்டன. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே தோன்றின. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. பாடலானாலும் அடி பிரிக்காமல் ஓலையின் நீளம் உள்ளவரை தொடர்ந்து எழுதிக்கொண்டே போனார்கள். அந்த வரியைப் பிழையின்றிப் படிக்க வேண்டுமானால் படிப்பவருக்கு யாப்பு தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பாடலோ அதைப் போன்ற பாடல்களோ காதில் ஏற்கெனவே விழுந்திருக்க வேண்டும். ஆசிரியரின் வாயிலிருந்து கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு ஏடு ஒரு துணை; கேளாதவருக்கு அது திறவாத பெட்டி. கல்வி யாரிடம் இருந்தது, யாருக்கு எட்டாமல் போனது என்பதை விளக்கும் சமூகக் காரணங்கள் பல. ஓலை என்ற ஊடகத்தின் இந்த இயல்பும் அவற்றோடு சேர்ந்து நின்றது.

அச்சு இந்தக் கதவை மெல்ல மெல்லத் திறந்தது. 1578இல் கொல்லத்தில் பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபோதே தமிழுக்கு ஈயத்தில் எழுத்து வார்த்துவிட்டார்கள். ஆனால் இலக்கியம் அச்சேற இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. திருக்குறள் 1812இல்தான் அச்சு வடிவம் கண்டது. இந்தியர்கள் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ள 1835ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. அதன்பின் ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோரின் உழைப்பில் பழைய நூல்கள் வெளிவந்தன. 1887இல் சாமிநாதையரின் சீவக சிந்தாமணியும் தாமோதரம் பிள்ளையின் கலித்தொகையும் வெளியாயின. 1894இல் புறநானூறு அச்சேறியது. இந்தப் பதிப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஓலையில் இல்லாத பலவற்றைக் காணலாம். அடிகள் தனித்தனியே நிற்கின்றன. புள்ளி இருக்கிறது. சுவடிக்குச் சுவடி சொல் மாறும் பாடவேறுபாடுகள் குறிக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, நூலின் இறுதியில் அருஞ்சொற்களின் அகராதி இருக்கிறது.

அந்த அகராதியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஒரே நூலின் இரண்டு சுவடிகளில் ஒரே பாடல் ஒரே ஏட்டில் அமைவதில்லை. ஓலையின் நீளமும் எழுதுகிறவரின் கையும் அதைத் தீர்மானித்தன. ஆகவே ஒரு சுவடிக்கென எழுதிய அட்டவணை இன்னொரு சுவடிக்கு உதவாது. அச்சில்தான் ஆயிரம் படிகளிலும் இருபதாம் பக்கம் ஒரே இருபதாம் பக்கமாயிற்று. மதுரையில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் ஒரே பக்க எண்ணைச் சொல்லி வாதிட முடிந்தது. மனப்பாடத்தின் வேலையில் ஒரு பங்கை, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு எடுத்துக்கொண்டது. முதல் அடி நினைவில் இல்லாதவரும் ஒரு பாடலைக் கண்டுபிடிக்கலாம் என்ற நிலை அங்கேதான் பிறந்தது. இன்று நாம் பயன்படுத்தும் தேடுபெட்டி அந்தச் சொல்லடைவின் வழித்தோன்றல்.

மதுரைத் திட்டத்தின் பெரும்பயன் இந்தத் தேடலில்தான் இருக்கிறது. நூல்கள் படங்களாக அல்லாமல் எழுத்துகளாகவே இருப்பதால், உலாவியிலுள்ள தேடும் வசதியில் ஒரு சொல்லை இட்டால் அது வருகிற இடங்களெல்லாம் கண்முன் நிற்கின்றன. ஒரு காலத்தில் ஆண்டுக்கணக்கில் சொல்லடைவு தொகுத்த அறிஞர்களின் உழைப்பில் ஒரு பகுதி இப்போது கைப்பேசி வைத்திருக்கும் எந்த மாணவருக்கும் நொடியில் கிடைக்கிறது. இது சிறிய செய்தியன்று. பல்கலைக்கழக நூலகத்தின் உறுப்பினர் அட்டை இல்லாதவரும், தமிழ்ப் புத்தகக் கடையே இல்லாத ஊரில் வாழ்பவரும் சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்யலாம் என்றாகியிருக்கிறது.

ஆயினும் தேடுபெட்டி தரும் விடையை எப்படிப் படிப்பது என்பதைக் கற்றுக்கொள்ளாமல் அதை நம்பக் கூடாது. குறுந்தொகையின் மூன்றாம் பாடலை எடுத்துக்கொள்வோம். காதலின் அளவை நிலத்தோடும் வானோடும் கடலோடும் ஒப்பிட்டுச் சொல்லும், பள்ளிப் பருவத்திலேயே பலருக்கும் அறிமுகமான பாடல் அது. குறுந்தொகைக் கோப்பில் 'நிலம்' என்று தேடிப் பாருங்கள்; இந்தப் பாடலின் முதல் சொல் அகப்படாது. அங்கே இருப்பது 'நிலத்தினும்'. மகரம் கெட்டு அத்துச் சாரியை ஏறியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. 'கோல்' என்று தேடினாலும் அதே கதைதான், ஏனெனில் பாடலில் 'கருங்கோற் குறிஞ்சி' என்று வருகிறது. 'தேன்' என்ற சொல் சந்தி பிரித்த பதிப்பில் கிடைத்துவிடும். சீர் பிரித்து 'பெருந்தே னிழைக்கு' என்று அச்சிட்ட பழைய பதிப்பைப் பின்பற்றிய கோப்பாக இருந்தால் அதுவும் நழுவிவிடும். பதிப்பாளர் மர்ரே எஸ். ராஜம் பொதுமக்களுக்காகச் சந்தி பிரித்து மலிவு விலையில் பதிப்பித்தபோது, சீர் சிதைகிறதே என்று புலவர்கள் வருந்துவதற்கு நியாயம் இருந்தது. அச்சு வாசகருக்காக அன்று செய்த அந்தப் பிரிப்பு இன்று தேடுகிறவருக்கும் துணை செய்கிறது.

ஆகவே இந்தச் சேவையைப் பயன்படுத்துவோருக்கு நான் சொல்லும் வழி இதுதான்: முழுச் சொல்லைத் தேடாதீர்கள், மாறாத அடிப்பகுதியைத் தேடுங்கள். 'நிலம்' என்பதற்குப் பதிலாக 'நில' என்று இடுங்கள். வேண்டாதவையும் வரும், அவற்றைக் கண்ணால் கழித்துக்கொள்ளலாம். 'கடல்' என்று ஒருமுறை தேடினால் 'கடற்' என்று இன்னொரு முறையும் தேடுங்கள். இவ்வளவையும் செய்தபின் ஒரு சொல் அந்த நூலில் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அச்சிட்ட சொல்லடைவு கிடைத்தால் அதையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தேடிக் கிடைக்காதது நூலில் இல்லாதது என்று கொள்ளும் பழக்கம் ஆய்வேடுகளுக்குள்ளும் நுழைந்தால், புணர்ச்சி விதி தெரியாத இயந்திரம் நம் இலக்கியத்தின் எல்லையைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும்.

எழுத்துக் குறியீட்டிலும் இதைப் போன்ற சிக்கல்கள் உண்டு. 'கௌ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கெ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்துவிடுவது தமிழ் இணையமெங்கும் பரவியுள்ள வழக்கம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் சேமிக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றென அறியாத மென்பொருளில் தேடல் பிழைபடும். ஓலையில் காலையும் ரகரத்தையும் கண் குழப்பிக்கொண்டது, படிப்பவரின் அறிவு அதைத் தீர்த்து வைத்தது. திரையில் கண்ணுக்குக் குழப்பமே இல்லை, எழுத்துக்கு அடியில் குழப்பம் இருக்கிறது. அது எவருக்கும் தெரிவதில்லை என்பதால்தான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

தொண்ணூறுகளில் தமிழ்க் கணினியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தத் திட்டத்தின் மற்றொரு சாதனை புரியும். அன்று ஒவ்வோர் இதழுக்கும் ஒவ்வோர் எழுத்துரு; உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளுமே தெரியும். கல்யாணசுந்தரம் உருவாக்கிய 'மயிலை' எழுத்துருவும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததே. மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கி (TSCII) என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் வெளியிட்டது, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. அந்தக் காலத்தில் தொடங்கிய எத்தனையோ தமிழ்த் தளங்கள் எழுத்துருவோடு சேர்ந்து மறைந்துபோயின. ஓலை செல்லரிப்பதற்குள் புது ஓலைக்குப் படியெடுப்பதுபோல, குறியீடு வழக்கொழிவதற்குள் அடுத்த குறியீட்டுக்கு மாற்றுவதும் ஒரு காப்புத்தொழில். அதைப் பொறுமையாகச் செய்து முடித்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

வாசிப்பு அனுபவத்தைப் பொறுத்தவரை என் கருத்து சற்று மாறுபடுகிறது. கணினியின் அகன்ற திரையில் ஆசிரியப்பா ஒழுங்காக அமைகிறது. கைப்பேசியிலோ நாற்சீரடி திரைக்குள் அடங்காமல் உடைகிறது. நான்காம் சீர் தனியே கீழே விழுந்து ஒரு புதிய அடிபோல நிற்கிறது. யாப்பு தெரிந்தவர் சமாளித்துக்கொள்வார். முதன்முதலில் கைப்பேசியிலேயே சங்கப் பாடலைப் பார்க்கிற இளைஞருக்கு அது எதுகையும் ஓசையும் விட்டுப்போன புதுக்கவிதையாகத் தோன்றுகிறது. அச்சு பிரித்துக் காட்டிய அடியைத் திரை மீண்டும் கலைத்துவிடுகிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கைப்பேசியைக் கிடையாகத் திருப்பி வைத்துப் படிப்பது இப்போதைக்கு உள்ள எளிய தீர்வு. வாய்விட்டுப் படிப்பது அதைவிட நல்ல தீர்வு; கண் உடைத்ததைக் காது ஒட்டிவிடுகிறது.

இதைவிடப் பெரிய மாற்றம், பாடல் துண்டு துண்டாகப் பிரிந்து பயணம் செய்வது. புறநானூற்றின் 192ஆம் பாடல் பதின்மூன்று அடிகள் கொண்டது. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற அதன் முதல் அடியை அறியாத தமிழர் இல்லை. 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் இந்தியப் பிரதமரும் அதைச் சொன்னார். ஆனால் அந்தப் பாடல் போகிற திசை வேறு. நீரின் வழியே செல்லும் தெப்பத்தைப்போல உயிர் முறைவழிப் படும் என்று கண்டதனால், பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்று அது முடிகிறது. முதல் அடியை முழக்கமாகப் பிரித்தெடுத்தது மேடையும் சுவரொட்டியும்; இணையம் அந்தப் பழக்கத்தை நகலெடுத்து ஒட்டும் வேகத்தில் பெருக்கியது. மதுரைத் திட்டத்தைப் பாராட்ட வேண்டியது இந்த இடத்தில்தான். அங்கே போனால் முழுப் பாடலும் இருக்கிறது; பாடியவர் கணியன் பூங்குன்றன், திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி என்ற குறிப்பும் உடன் நிற்கிறது. முன்னும் பின்னும் உள்ள பாடல்களும் ஒரு விரல் அசைவில் கிடைக்கின்றன. துண்டைப் பரப்பும் அதே ஊடகம் முழுமையையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. எது கண்ணில் படும் என்பது நம் தேடலின் ஆழத்தைப் பொறுத்தது.

இனி, குறையென்று நான் கருதுவதைச் சொல்ல வேண்டும். பின்னாளில் சேர்க்கப்பட்ட கோப்புகள் பலவற்றில் எந்த அச்சுப் பதிப்பைப் பின்பற்றினார்கள் என்ற விவரம் உள்ளது. தொடக்க காலக் கோப்புகள் சிலவற்றில் அது இல்லை. சங்க நூல்களுக்குப் பாடவேறுபாடு உயிர்நாடி. ஒரு சொல்லை இப்படியும் படிக்கலாம், இந்தச் சுவடியில் வேறு விதமாக இருக்கிறது என்று பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் காட்டிய தயக்கம் தட்டச்சு செய்த மூலத்தில் விடுபட்டுப்போனால், ஒரே ஒரு பாடம்தான் என்றென்றும் இருந்தது என்ற எண்ணம் வாசகருக்கு உண்டாகும். திரையின் தெளிவான எழுத்து அந்த எண்ணத்தை மேலும் உறுதியாக்கும். இதனால்தான் ஆய்வு மாணவர்களிடம், மதுரைத் திட்டத்தில் கண்டுபிடியுங்கள், அச்சுப் பதிப்பில் சரிபார்த்தபின் மேற்கோள் காட்டுங்கள் என்று சொல்கிறேன்.

சரிபார்க்கப் புத்தகம் கையில் இல்லாதவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய பதிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறது. இலங்கைத் தமிழர் 2005இல் தொடங்கிய 'நூலகம்' தளத்தில் நூல்களும் இதழ்களும் செய்தித்தாள்களும் அவ்வாறே பாதுகாக்கப்படுகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து சாம்பலானதைக் கண்ட ஒரு சமூகத்துக்கு, ஒரே இடத்தில் ஒரே படி இருப்பதன் ஆபத்தை எவரும் விளக்கத் தேவையில்லை. படவடிவம் தேடலுக்கு எளிதில் இடம் கொடுக்காது, கோப்பும் கனமானது. ஆனால் தாளின் நிறம், பழைய 'னை', 'லை' எழுத்துகளின் கொம்பு, விலை, அச்சகத்தின் முகவரி, யாரோ ஓரத்தில் எழுதிய குறிப்பு ஆகிய எல்லாவற்றையும் அது காட்டுகிறது. எழுத்துக் கோப்பில் நூலின் சொற்கள் வாழ்கின்றன, அந்த நூல் பிறந்த காலம் தெரிவதில்லை. இரண்டையும் இரு சாளரங்களில் அருகருகே திறந்து வைத்துப் படிப்பதுபோல் நிறைவான வாசிப்பு, அச்சு நூல் மட்டுமே இருந்த காலத்தில்கூட எளிதில் வாய்த்ததில்லை.

பயன்படுத்தத் தொடங்குவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். தேடுவதற்கு ஒருங்குறி இணையப் பக்கத்தையும் நீண்ட நேரம் படிப்பதற்குப் பிடிஎஃப் கோப்பையும் பயன்படுத்துங்கள். ஒரு நூலைப் பதிவிறக்கினால் முகப்புக் குறிப்போடு சேர்த்தே சேமியுங்கள், பிறருக்கு அனுப்பும்போதும் அப்படியே அனுப்புங்கள். உரை வேண்டுவோர் அதைத் தனியே தேடிக்கொள்ள வேண்டும். சங்க நூல்கள் பலவும் மூலமாகவே உள்ளன. கல்கி போன்றோரின் நூல்கள் அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டதால் இங்கே கிடைக்கின்றன. காப்புரிமை நீங்காத அண்மைக்கால எழுத்தாளர்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம், அவர்களின் நூல்களை விலை கொடுத்து வாங்குவதே முறை. படிக்கும்போது எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் நூலின் எண்ணையும் பாடல் எண்ணையும் குறிப்பிட்டு, நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த அச்சுப் பதிப்பின் பெயரோடு திட்டத்தினருக்கு எழுதி அனுப்புங்கள்.